பணயம் வைப்பவர் யார், இழப்பவர் யார்? டிரான்ஸ்ஃபர் சந்தையில் கால்பந்துக் கிளப் தலைவர்கள்

1905 பிப்ரவரியில் வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கிளப், ஆல்ஃப் காமன் என்ற முன்கள வீரரை சண்டர்லேண்டிடமிருந்து 1,000 பவுண்டுக்கு வாங்கியது. ஒரு வீரருக்காக நான்கு இலக்கத் தொகை கைமாறியது அதுவே முதல் முறை. மிடில்ஸ்பரோ அப்போது முதல் பிரிவிலிருந்து கீழே விழும் தறுவாயில் இருந்தது. காமன் வந்து சேர்ந்த பிறகு அது தப்பிப் பிழைத்தது. சந்தையில் கால்நடையை விலை பேசுவதுபோல மனிதரை விலை பேசலாமா என்று அன்றைக்கே கண்டனம் எழுந்தது. 1908 ஜனவரியில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், எந்த வீரருக்கும் 350 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று வரம்பு கட்டியது. அதைக் காக்க முடியாமல் சில மாதங்களிலேயே கைவிட்டது.

தரமிறக்கம் பற்றிய பயம், கைமீறிய விலை, ஊராரின் கோபம், ஒரு விதி, அந்த விதியின் தோல்வி என இன்றைய விவாதத்தின் கூறுகள் எல்லாம் அந்த மூன்றாண்டுக்குள்ளேயே வந்துவிட்டன. தன் தொழிலில் காசை எண்ணிச் செலவழிக்கும் ஒருவர், கிளப்பின் தலைவர் நாற்காலியில் அமர்ந்ததும் ஏன் வரவுக்கு மீறி வீரர்களை வாங்குகிறார்? இந்தக் கேள்விக்குப் பொருளாதார அறிஞர்களும் விளையாட்டு எழுத்தாளர்களும் சொல்லிவந்த பதில்களை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. அங்குதான் கிளப்புகள் பெரும்பாலும் கம்பெனிகளாகப் பதிவாகி, நூறாண்டுக்கும் மேலாக வரவுசெலவு அறிக்கைகளை விட்டுச் சென்றிருக்கின்றன.

புரவலர் என்ற விளக்கம்

மிகப் பழைய பதில், தலைவர் லாபத்துக்காக வரவில்லை என்பது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கிளப்புகள் தரக்கூடிய பங்காதாயத்துக்கு நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. இயக்குநர்கள் சம்பளம் வாங்குவதற்கு 1980களின் தொடக்கம் வரை தடை இருந்தது. ஆகவே உள்ளூர் ஆலை முதலாளியும் மதுவடிப்பாளரும் கிளப்புக்குள் வந்தது பணம் பண்ணுவதற்காக இருக்க முடியாது. ஊரில் பெயர், வெற்றியின் களிப்பு, பிறந்த மண்ணின் மீதான பற்று ஆகியவையே அவர்கள் கண்ட வருமானம். பீட்டர் ஸ்லோன் 1971இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. கிளப் தேடுவது லாபத்தையல்ல; மூழ்காமல் இருந்தால் போதும் என்ற ஒரே நிபந்தனையுடன் அது வெற்றியையும் பார்வையாளர் கூட்டத்தையும் பெயரையும் தேடுகிறது என்றார் அவர்.

எஃகுத் தொழிலில் பொருள் சேர்த்த ஜாக் வாக்கர் இதற்குப் பொருத்தமான சான்று. பிளாக்பர்ன் அவர் பிறந்த ஊர். 1992இல் ஆலன் ஷியரரையும், 1994இல் 50 லட்சம் பவுண்டுக்கு கிறிஸ் சட்டனையும் அவர் பணத்தில் கிளப் வாங்கியது. 1995இல் லீக் பட்டமும் வென்றது. பணமும் அவருடையது, மகிழ்ச்சியும் அவருடையது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த விளக்கத்துக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. எந்தச் செலவையும் நடந்த பிறகு 'அதில் அவருக்கு இன்பம் இருந்தது' என்று சொல்லிவிடலாம் என்பதால், எந்தச் செலவு அளவு மீறியது என்று முன்கூட்டிச் சொல்ல இது உதவாது. அதைவிடப் பெரிய குறை, புரவலரின் பணம் அவருடையதுதானா என்று இது கேட்பதில்லை. இத்தாலியில் கலிஸ்தோ தான்சி பார்மா கிளப்பையும், செர்ஜியோ கிரக்னோட்டி லாசியோவையும் 1990களில் ஐரோப்பாவின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே அவர்களைப் புரவலர்களாகக் கொண்டாடியது. 2002 நவம்பரில் கிரக்னோட்டியின் சிரியோ உணவு நிறுவனம் கடன் பத்திரங்களைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. 2003 டிசம்பரில் தான்சியின் பார்மலாட் பொய்க் கணக்கோடு சரிந்தது. அந்தப் பத்திரங்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டிருந்த சாதாரண இத்தாலியக் குடும்பங்கள்தான் இழந்தன.

செருக்கு என்ற விளக்கம்

பத்திரிகைகளும் ரசிகர்களும் பெரிதும் நம்புவது இதைத்தான்: தலைவருக்குத் தலைகனம், சந்தை தெரியாது, கைதட்டலுக்கு மயங்கிவிட்டார். இதற்கும் ஆய்வுலகில் வேர் உண்டு. 1971இல் மூன்று பெட்ரோலியப் பொறியாளர்கள், எண்ணெய் வயல் ஏலங்களில் வென்ற நிறுவனங்கள் ஏன் ஏமாற்றமடைகின்றன என்று எழுதினார்கள். பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் தெரியாதபோது, அதை மிக அதிகமாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்கிறார் என்பது அவர்கள் கண்டது. கம்பெனித் தலைவர்கள் பிற கம்பெனிகளை அதிக விலைக்கு வாங்குவது தங்கள் கணிப்பின் மேல் கொண்ட மிகை நம்பிக்கையால் என்று ரிச்சர்ட் ரோல் 1986இல் வாதிட்டார். 22 வயது வீரர் ஒருவருக்கு நான்கு கிளப்புகள் விலை சொல்லும் கோடைக்காலத்துக்கு இரண்டுமே பொருந்துவதுபோலத் தெரிகின்றன.

செருக்கின் சின்னமாக எல்லோரும் காட்டுவது லீட்ஸ் யுனைடெட்டை. 1997இல் தலைவரான பீட்டர் ரிட்ஸ்டேல் காலத்தில் கிளப் 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டிஷ் கிளப்புகளுக்குள் அது அன்றைய உச்ச விலை. 2001இல் அணி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. ஆனால் அதே பருவத்தில் லீக்கில் நான்காம் இடமே கிடைத்ததால் அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு போயிற்று. 2001 செப்டம்பரில் கிளப் 6 கோடி பவுண்ட் கடன் வாங்கியது. எதிர்கால டிக்கெட் வசூலே அதற்கு ஈடு, தவணை 25 ஆண்டு. அந்த இலையுதிர் காலத்திலும் ராபி ஃபவுலர் உட்பட வீரர்களை வாங்கிக்கொண்டே இருந்தது. 2002இல் ஐந்தாம் இடம். பின்பு விற்பனை தொடங்கியது. ஃபெர்டினாண்ட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 2004இல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. எல்லண்ட் ரோடு மைதானத்தையும் விற்றார்கள். 2007இல் திவால் நடைமுறைக்கு உள்ளாகி மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. மேல் பிரிவுக்குத் திரும்ப 2020 வரை ஆயிற்று.

இந்தக் கதையின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 1990களின் இறுதியில் செல்சி கிளப்பின் குழுமமும் பத்திரம் வெளியிட்டு 7.5 கோடி பவுண்ட் கடன் வாங்கியிருந்தது. 2003இல் கடன் கழுத்தை நெரித்தது. மே 11ஆம் தேதி, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் லிவர்பூலை 2–1 என்று வென்று செல்சி சாம்பியன்ஸ் லீக் இடத்தைப் பிடித்தது. இரண்டு மாதங்களுக்குள் ரோமன் அப்ரமோவிச் கிளப்பை வாங்கினார், கடன் கவலை மறைந்தது. அன்று அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால், அப்போதைய செல்சி தலைவர் கென் பேட்ஸின் பெயரும் ரிட்ஸ்டேலின் பெயரோடு சேர்த்தே பேசப்பட்டிருக்கக்கூடும். செருக்கு விளக்கத்தின் அடிப்படைக் குறை இங்கே தெரிகிறது. தோற்றவரின் துணிவைச் செருக்கு என்றும், வென்றவரின் துணிவைத் தொலைநோக்கு என்றும் முடிவைப் பார்த்தபின்தான் அது பெயரிடுகிறது. ஃப்ளோரெண்டினோ பெரெஸ் 2000இல் பார்சிலோனாவின் லூயிஸ் ஃபிகோவைக் கொண்டுவருவதாக வாக்குத் தந்து ரியல் மாட்ரிட் தலைவர் தேர்தலில் வென்றார். கிளப்பின் பயிற்சி மைதான நிலம் நகர வளர்ச்சிக்காகப் பெரும் விலைக்கு விற்பனையானதால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. நிலம் அந்த விலைக்குப் போகாதிருந்தால் அவரை எப்படி மதிப்பிட்டிருப்போம்?

ஏணியும் குழியும்

மூன்றாவது பதில் மனிதரை விட்டுவிட்டு ஆட்டத்தின் அமைப்பைப் பார்க்கிறது. ஐரோப்பியக் கால்பந்தில் பரிசு படிப்படியாகக் கூடுவதில்லை, சில இடங்களில் செங்குத்தாக எழும்புகிறது. சாம்பியன்ஸ் லீக் நுழைவுக்கும் அதற்கு அடுத்த இடத்துக்கும் இடையிலும், தரமிறக்கக் கோட்டுக்கு மேலும் கீழும் பல கோடி வித்தியாசம். 2001இல் லிவர்பூல் எடுத்தது 69 புள்ளி, லீட்ஸ் எடுத்தது 68. அந்த ஒரு புள்ளிதான் லிவர்பூலை உள்ளேயும் லீட்ஸை வெளியேயும் நிறுத்தியது.

இப்படிப்பட்ட போட்டியில் ஒவ்வொரு கிளப்பும் தன்னளவில் அறிவோடு செலவழித்தாலும், மொத்தத்தில் எல்லாரும் அளவுக்கு மீறிச் செலவழிப்பார்கள் என்று ஹெல்முட் டீட்ல், எகோன் ஃப்ராங்க், மார்க்குஸ் லாங் ஆகியோர் 2008இல் ஒரு கணித மாதிரியின் வழியே காட்டினார்கள். சர்க்கஸ் கூடாரத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களும் எழுந்தாக வேண்டும்; முடிவில் எல்லாருக்கும் கால்வலி, ஒருவருக்கும் கூடுதலாகத் தெரிவதில்லை.

என் மதிப்பீட்டில் இதுவே மற்றவற்றைவிட உறுதியான அடித்தளம் கொண்டது. ஆயினும் முழுமையானதல்ல. ஒரே ஏணியில்தான் எல்லாரும் நின்றார்கள், எல்லாரும் விழவில்லை. லீட்ஸ் சரிந்த அதே ஆண்டுகளில் ஆர்சனல் வீரர் சந்தையில் கையை இறுக்கி, 2006இல் திறந்த புதிய மைதானத்துக்குக் கடனைத் திருப்பியது. மைதானம் ஆண்டுதோறும் வசூல் தரும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த வீரருக்கு முழங்கால் போய்விட்டால் எதுவும் மிஞ்சாது. இந்த வேறுபாட்டை அமைப்பு விளக்கம் சொல்லவில்லை. மனிதரை மீண்டும் கணக்கில் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

தளர்ந்த கடிவாளம்

ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய், சோஷலிச நாடுகளின் அரசு ஆலைகளை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். நஷ்டம் வந்தால் யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று முன்னமே தெரிந்த நிறுவனம் செலவைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். டென்மார்க்கின் ராஸ்முஸ் ஸ்டோர்மும் கிளாவுஸ் நீல்சனும் 2012இல் இதைக் கால்பந்துக்குப் பொருத்தினார்கள். ஆதாரம் வலுவானது. சைமன் கூப்பரும் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கியும் கணக்கிட்டபடி, 1923இல் இங்கிலாந்து லீக்கில் இருந்த 88 கிளப்புகளில் 85 கிளப்புகள் 2007–08 பருவத்திலும் உயிரோடிருந்தன. வேறு தொழில்களில் இப்படி நிலைப்பு அரிது. ஊர் தன் அணியைச் சாகவிடுவதில்லை. வங்கிக்கும் அதைச் சாகடித்த பழி வேண்டாம்.

இதன் கசப்பான பக்கம் போர்ட்ஸ்மவுத்தில் வெளிப்பட்டது. 2008இல் எஃப்ஏ கோப்பை வென்ற அந்தக் கிளப், 2010 பிப்ரவரியில் திவால் நடைமுறைக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. லீக் விதிப்படி வீரர்களின் சம்பள பாக்கியையும் மற்றக் கிளப்புகளுக்கான டிரான்ஸ்ஃபர் பாக்கியையும் முழுமையாகத் தீர்த்தால்தான் கிளப் தொடர்ந்து ஆட முடியும். வரித்துறையும் உள்ளூர் வியாபாரிகளும் பின்வரிசையில் நின்று கிடைத்த பங்கைப் பெற வேண்டும். பணம் வரவேண்டியவர்கள் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற முதலுதவித் தொண்டு அமைப்பும் இருந்தது. பிரிட்டிஷ் வரித்துறை இந்த முன்னுரிமை விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்து, 2012 மே மாதம் உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

இங்கே விளைவு இரட்டிப்பாகிறது. விற்கும் கிளப்புக்குப் பணம் எப்படியும் வந்து சேரும் என்ற உறுதி இருப்பதால், வாங்கும் கிளப் கடனாளியா என்று அது துருவிப் பார்க்கத் தேவையில்லை. சாதாரண வியாபாரத்தில், தவணைக்குச் சரக்குக் கொடுப்பவர் வாங்குபவரின் நாணயத்தை விசாரிப்பார். அந்த இயல்பான காவலைத்தான் இந்த விதி வலுவிழக்கச் செய்கிறது. இப்பிரச்சினையில் மிக அநியாயமான பகுதி எதுவென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் கிளப் சாகாது என்பது தலைவர் தண்டிக்கப்பட மாட்டார் என்பதற்குச் சமமாகாது. பலர் பதவியையும் பெயரையும் சொந்தப் பணத்தையும் இழந்திருக்கிறார்கள். காப்பாற்றுவார்கள் என்பதும் எப்போதும் உண்மையில்லை. 2019 ஆகஸ்டில் பரி கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது, யாரும் சரியான நேரத்தில் வரவில்லை.

கெட்ட காலம் என்ற விளக்கம்

ஷிமான்ஸ்கி பின்னர் வேறு திசையில் போனார். இங்கிலாந்தில் திவாலான கிளப்புகளின் பல பத்தாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, தலைவரின் மிதமிஞ்சிய உற்சாகத்தைவிட எதிர்பாராத பின்னடைவுகளே திவாலுக்குக் காரணமாகத் தெரிகின்றன என்றார். களத்தில் ஓரிரு மோசமான பருவம், அதனால் வசூல் குறைவு, அதைத் தொடர்ந்து தரமிறக்கம். செலவு பெரும்பாலும் வழக்கமான அளவில்தான் இருந்தது, வரவுதான் விழுந்தது என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை 1979ஆம் ஆண்டு நடந்த ஒன்றோடு பொருத்திப் பார்க்கலாம். அந்த செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி, வுல்வ்ஸ் கிளப்பின் ஸ்டீவ் டேலியை 14 லட்சத்துக்கும் அதிகமான பவுண்டுக்கு வாங்கியது. சில நாட்களில் வுல்வ்ஸ் ஏறக்குறைய அதே பணத்தைக் கொடுத்து ஆஸ்டன் வில்லாவிடமிருந்து ஆண்டி கிரேயை வாங்கியது. டேலி சோபிக்கவில்லை, சிட்டி 1983இல் கீழிறங்கியது. கிரே 1980 லீக் கோப்பை இறுதியில் வெற்றி கோலை அடித்தார். அப்படியானால் வுல்வ்ஸ் புத்திசாலி, சிட்டி முட்டாள் என்று சொல்லிவிடலாமா? 1982இல் வுல்வ்ஸ் கடனில் மூழ்கி மூடப்படும் நிலைக்குப் போனது. 1986க்குள் நான்காம் பிரிவு வரை இறங்கிவிட்டது. அதை அழுத்தியது கிரேயின் விலை மட்டுமல்ல. 1979இல் கட்டி முடித்த புதிய பார்வையாளர் மாடத்தின் கடன் ஒரு பக்கம், தொழிற்சாலைகள் மூடப்பட்ட அந்த ஆண்டுகளில் டிக்கெட் வாங்க வசதியற்றுப்போன ரசிகர்கள் இன்னொரு பக்கம். இப்படிப் பின்னிக்கிடக்கும் காரணங்களில் டிரான்ஸ்ஃபரின் பங்கைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

2002இல் ஐடிவி டிஜிட்டல் தொலைக்காட்சி சரிந்து, கீழ்ப் பிரிவுக் கிளப்புகளுக்கு வரவேண்டிய ஒளிபரப்புப் பணம் பெருமளவு நின்றுபோனதும் இதே வகை. இருந்தும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கால்பந்தில் மோசமான பருவம் வருவது கோடையில் வறட்சி வருவதுபோல எதிர்பார்க்கத்தக்க ஒன்று. அதைத் தாங்கச் சேமிப்பு வைக்காமல் நடத்துவதும் ஒருவகைப் பணயம் இல்லையா? ஷிமான்ஸ்கியின் முறை அந்த மௌனப் பணயத்தைக் கண்டுகொள்கிறதா என்பது தெளிவில்லை.

ஏடு காட்டும் லாபம்

அண்மைக் கால ஆய்வுகள் கணக்கேட்டின் பக்கம் திரும்பியிருக்கின்றன. 10 கோடிக்கு வாங்கிய வீரரின் விலை, ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 2 கோடியாகத் தேய்மானம் கழிக்கப்படும். விற்றாலோ, வரும் லாபம் முழுவதும் அதே ஆண்டின் வரவில் ஏறும். ஆகவே வாங்குவதன் வலி பல ஆண்டுக்குப் பரவுகிறது, விற்பதன் சுகம் உடனே கிடைக்கிறது. 2020 ஜூனில் ஆர்தர் 7.2 கோடி யூரோவுக்கு யுவென்டஸுக்கும், மிராலெம் பியானிச் 6 கோடி யூரோவுக்கு பார்சிலோனாவுக்கும் மாறினார்கள். ரொக்கமாக நகர்ந்தது வித்தியாசம் மட்டுமே என்றாலும் இரு ஏடுகளிலும் பெரிய லாபம் பதிவானது. டிரான்ஸ்ஃபர் லாபங்களை ஊதிக் காட்டியது தொடர்பான வழக்கில் யுவென்டஸுக்கு 2023இல் கடைசியாக 10 புள்ளி குறைக்கப்பட்டது. செல்சி 2023இல் எட்டரை ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டு ஆண்டுத் தேய்மானத்தைச் சிறிதாக்கியபோது, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா தேய்மானக் காலத்துக்கு ஐந்தாண்டு உச்சவரம்பு வைத்தது.

உடைமை முறை மருந்தாகுமா?

தனி முதலாளிக்குப் பதில் ரசிகர்களே உரிமையாளர்களானால் இந்தப் பணயம் நிற்கும் என்று நம்புவோர் உண்டு. சான்றுகள் அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. உறுப்பினர்களின் சொத்தான பார்சிலோனா, நெய்மாரை 2017இல் 22.2 கோடி யூரோவுக்கு இழந்தபின் டெம்பெலே, கூட்டின்யோ, கிரீஸ்மன் என்று ஒவ்வொருவருக்கும் 10 கோடிக்கு மேல் கொடுத்தது. கையில் பணம் இருப்பது சந்தைக்கே தெரிந்திருந்ததால் விலையும் ஏறியே நின்றது. 2021 ஆகஸ்டில் புதிய தலைவர் ஜோன் லபோர்த்தா அறிவித்த கடன் 135 கோடி யூரோ. அதே மாதம் மெஸ்ஸி கண்ணீரோடு விடைபெற்றார். தேர்தலில் நிற்கும் தலைவருக்கு அடுத்த வாக்கெடுப்பு வரைதான் கண் எட்டும் என்பது இதிலிருந்து வரும் நியாயமான ஐயம். ஜெர்மனியில் உறுப்பினர் கட்டுப்பாட்டை வலியுறுத்தும் விதி இருந்தும், கெர்ட் நீபாம் தலைமையில் போருசியா டார்ட்மண்ட் 2000இல் பங்குச் சந்தையில் திரட்டிய பணத்தைச் செலவழித்து, மைதானத்தையும் விற்று, 2005 மார்ச்சில் மைதான நிதியத்தின் முதலீட்டாளர்கள் இணங்கியதால்தான் பிழைத்தது.

விதிகள் செய்தது என்ன?

யூஃபாவின் நிதி நேர்மை விதிகள் 2009இல் ஏற்கப்பட்டு, 2011 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 2011இல் ஐரோப்பிய மேல்பிரிவுக் கிளப்புகளின் மொத்த நஷ்டம் சுமார் 170 கோடி யூரோ. 2017இல் மொத்தத்தில் லாபம். இது விதியின் சாதனை என்பார் ஒரு சாரார். ஒளிபரப்பு வருவாய் பெருகிய காலம் அது, விதி இல்லாமலும் நடந்திருக்கலாம் என்பார் மறுசாரார். வரவுக்கேற்ற செலவு என்ற விதி, ஏற்கெனவே வரவு மிகுந்தவர்களின் இடத்தைப் பூட்டிவைக்கிறது, ஜாக் வாக்கர் போன்ற ஒருவர் இனி வர முடியாது என்ற மறுப்பும் கனமானதே.

பிரீமியர் லீக்கின் சொந்த நஷ்ட வரம்பு விதியை மீறிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பின் வழக்கு ஒரு நுட்பமான சிக்கலைக் காட்டியது. பிரென்னன் ஜான்சனை ஜூன் 30க்குள் விற்றிருந்தால் நஷ்ட வரம்புக்குள் வந்திருக்கலாம். கோடை இறுதிவரை காத்து 4.75 கோடி பவுண்ட் பெற்றோம், அதுதான் பொறுப்பான வியாபாரம் என்று கிளப் வாதிட்டது. ஆணையம் ஏற்கவில்லை, 2024 மார்ச்சில் 4 புள்ளி குறைந்தது. சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் நிதிப் பொறுப்பை வளர்க்க வந்த விதி, குறைந்த விலைக்கு அவசர விற்பனை செய்யத் தூண்டுமானால் அதன் அமைப்பை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

தீராமல் இருப்பவை

மேற்கண்ட பதில்களை ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்துவதைவிட, வெவ்வேறு கட்டங்களுக்கு உரியவையாகக் கொள்வது பொருத்தமாகப் படுகிறது. ஏணியின் அமைப்பு எல்லாரையும் செலவுக்குத் தள்ளுகிறது. தளர்ந்த கடிவாளம் அந்தச் செலவைத் தடுக்காமல் விடுகிறது. தலைவரின் குணம் அளவைத் தீர்மானிக்கிறது, களத்தின் அதிர்ஷ்டம் யார் பெயர் கெடும் என்பதை முடிவுசெய்கிறது. இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பதை இன்றுள்ள சான்றுகளால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெளிவாகவில்லை. டிரான்ஸ்ஃபர் தொகையைக் கொண்டு வெற்றியை வாங்க முடியுமா? 1978 முதல் 1997 வரை 40 இங்கிலாந்துக் கிளப்புகளைப் பார்த்தபோது, சராசரி லீக் இடத்திலுள்ள வேறுபாட்டில் 92 சதவீதத்தைச் சம்பளச் செலவு விளக்கியது, டிரான்ஸ்ஃபர் நிகரச் செலவு 16 சதவீதத்தையே விளக்கியது என்று கூப்பரும் ஷிமான்ஸ்கியும் எழுதினார்கள். நீண்டகாலச் சராசரிக்கு இது பொருந்தலாம். ஆனால் தலைவர் பணயம் வைப்பது ஒரு பருவத்தின் மேல், சில வேளை ஒரே ஒரு புள்ளியின் மேல். அந்தக் குறுகிய காலக் கணக்குக்கு இந்த எண்கள் எவ்வளவு வழிகாட்டும் என்பது விவாதத்துக்குரியது.

பிரிட்டனில் 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து ஆளுகைச் சட்டம், தனி ஒழுங்காணையத்தையும் கிளப்புகளுக்கு உரிம முறையையும் கொண்டுவருகிறது. அதன் விளைவை மதிப்பிடக் குறைந்தது ஒரு தரமிறக்கச் சுழற்சியேனும் கடக்க வேண்டும். அப்படி மதிப்பிடும்போது கிளப்பின் லாப நஷ்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. இதுவரையான ஆய்வுகள் பெரும்பாலும் கிளப்பின் ஏட்டையே அளந்தன. போர்ட்ஸ்மவுத்தின் முதலுதவிக்காரர்களுக்கும் இத்தாலியின் பத்திரக்காரர்களுக்கும் எவ்வளவு பாக்கி நின்றது, அதில் எவ்வளவு திரும்பியது என்ற கணக்கு அந்த ஏட்டில் ஓரமாகத்தான் இருக்கிறது.